முட்டையா எண்ணெயா

"முட்டையா எண்ணெயா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க மேடம். ரெண்டையும் மாத்த என்னால முடியாது."

மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொல்லி எழுதிக் கொடுப்பது என் வேலை. மகளின் ரத்தக் கொழுப்புக்காக வந்த அந்த அம்மா இப்படிக் கேட்டதும், எண்ணெயை மாற்றுங்கள் என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். உறுத்துவது வேறு. அதைச் சீட்டில் எழுதாமல் வாயால் மட்டும் சொல்லி அனுப்பினேன்.

பெண் நாலாம் வகுப்பு. எல்டிஎல், அதாவது ரத்தத்தில் இருக்கும் கெட்ட கொலஸ்ட்ரால், 284. அப்பாவுக்கு 36 வயதிலேயே மாரடைப்பு வந்திருக்கிறது. பரம்பரையாக வரும் கொலஸ்ட்ரால் வகை என்பதில் சந்தேகமில்லை. ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்ளும் வேலையில் கல்லீரலுக்குப் பிறவியிலேயே குறை. கொழுப்பு என்றதும் குண்டுக் குழந்தையை நினைக்கிறோம். இவள் எலும்பும் தோலுமாக இருந்தாள். இந்த வகையில் உணவை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் பத்து, பதினைந்து சதவீதம் இறங்கினாலே பெரிது. மீதியை மாத்திரைதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்களிடம் அச்சடித்த தாள் ஒன்று உண்டு. வெண்ணெய், சீஸ், பீட்சா, மஞ்சள் கரு தவிர்க்கவும் என்று இருக்கும். இந்த நாலில் அவள் சாப்பிடுவது கடைசி ஒன்றுதான், அதுவும் பள்ளிக்கூடத்துச் சத்துணவில். வாரத்தில் ஐந்து நாள் அவித்த முட்டை. வீட்டில் முட்டை வாங்குவது எப்போதாவதுதான்.

கணக்கு இப்படி. அவள் வயதுக்கு 1600 கலோரி என்று வைத்துக்கொண்டால், நிறைவுற்ற கொழுப்பு அதில் 7 சதவீதத்துக்குள், அதாவது சுமார் 12 கிராமுக்குள் நிற்க வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது ஒன்றரை கிராம். வீட்டில் புழங்குவது ரேஷன் பாமாயில். அது தீர்ந்தால் கடையில் மலிவாகக் கிடைக்கும் பாமாயில் பாக்கெட். நாளைக்கு நாலு டீஸ்பூன் உள்ளே போனாலே எட்டு கிராம் ஆகிவிடும். எல்டிஎல்லை அதிகம் ஏற்றுவது இந்த நிறைவுற்ற கொழுப்புதான். முட்டையில் உள்ள கொலஸ்ட்ரால் அந்த அளவுக்கு ஏற்றாது. ஆனால் நாளைக்கு 200 மில்லிகிராம் கொலஸ்ட்ராலுக்குள் என்று இன்னொரு விதி இருக்கிறதே, ஒரே மஞ்சள் கரு அதைக் கிட்டத்தட்டத் தொட்டுவிடும். டாக்டர் அந்த விதியைப் பிடித்துக்கொண்டார். "மஞ்சள் கரு வேண்டாம்னு எழுதிடுங்கம்மா, எதுக்கு வம்பு?" என்றார்.

நான் எழுதவில்லை. சாப்பிடலாம் என்றும் எழுதவில்லை. எழுதியது இவ்வளவுதான்: எண்ணெயைக் குறைக்கவும், பொரித்த பாக்கெட் தின்பண்டம் வேண்டாம், முடிந்தவரை கடலை எண்ணெய், பயறு, கீரை, அவரைக்காய். முட்டைக்கு உரிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, "ஸ்கூல் முட்டை சாப்பிடட்டும்மா" என்று சொன்னேன். ரேஷனில் 25 ரூபாய்க்கு எண்ணெய் வாங்குகிறவரிடம் கடலை எண்ணெய் என்று எழுதும்போது கை கூசவில்லை. முட்டை என்று எழுதத்தான் தயக்கம். டாக்டரோடு மோத வேண்டாம் என்பது ஒரு காரணம். நாளைக்கு ஏதாவது ஆனால் என் கையெழுத்துதானே நிற்கும் என்பது இன்னொன்று. இரண்டாவதை அன்றைக்கு எனக்கே ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

அடுத்த முறை வந்தபோது பேச்சுவாக்கில்தான் தெரிந்தது. சீட்டைப் பார்த்த டீச்சர், கொழுப்பு இருக்கிற பிள்ளைக்கு முட்டை எதற்கு என்று வாழைப்பழத்துக்கு மாற்றிவிட்டிருந்தார். முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்குத் தருகிற பழம். ஆறு கிராம் புரதம் போய் ஒரு கிராம் வந்தது. "நீங்க சொன்னீங்கதான், ஆனா தாள்ல இல்லையே மேடம்" என்றார் அம்மா. டீச்சரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவர் பயந்தார், நானும் பயந்தேன். அவராவது வெளிப்படையாகப் பயந்தார்.

எல்டிஎல் 171க்கு இறங்கியிருந்தது. டாக்டருக்குச் சந்தோஷம். முட்டையை நிறுத்தியதாலா, எண்ணெயைக் குறைத்ததாலா? மாத்திரையும் அதே நாளில்தான் ஆரம்பித்தது. இவ்வளவு இறக்கம் பெரும்பாலும் மாத்திரையால்தான் வரும். ஆனால் அந்த வீட்டில் இப்போது முட்டைதான் குற்றவாளி. மறுபடி ஆரம்பிக்கலாம் என்றேன், இந்தத் தடவை எழுதியும் கொடுத்தேன். அம்மா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "குறைஞ்சிருக்கே மேடம், அப்படியே விட்டுடலாமே" என்றார். அப்புறம் நான் வற்புறுத்தவில்லை. அரைகுறையாகச் சொன்னவள் எந்த வாயால் வற்புறுத்துவது? இல்லை, அது சாக்கு. வெளியே வரிசை நீண்டிருந்தது.

இனிமேல் எல்லோருக்கும் முட்டையைப் பற்றி எழுதியே கொடுப்பது என்று முடிவு செய்தேன். அதே பிரச்சினையோடு வந்த அடுத்த பையனுக்கு எழுதினேன், மஞ்சள் கரு வேண்டாம் என்று. அவன் வீட்டில் பால், பனீர், மீன் எல்லாம் தாராளமாக இருந்தன. கூட வேலை செய்யும் பெண் இரண்டு சீட்டையும் பார்த்துவிட்டு, "ஒரே வியாதிக்கு ஆளுக்கொரு நியாயமாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னேன். பணம் இருக்கிற பிள்ளைக்குத்தான் விதியை முழுசாகக் கடைப்பிடிக்க முடிகிறது என்று அவள் திருப்பிக் கேட்டிருந்தால் அதற்கும் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். நல்லவேளை, அவள் கேட்கவில்லை.