பட்டறைக் குறிப்புகள்: லோட்டஸும் கொலுசும்

ஜூன் 28, 2025, சனி

பட்டறையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திவிட்டுப் போனைப் பார்த்தால் முதல் செய்தியே அதுதான். இங்கிலாந்தில் நார்ஃபோக் பக்கம் ஹெத்தல் என்ற ஊரில் இருக்கும் லோட்டஸ் கார் தொழிற்சாலையை மூடப் பார்க்கிறார்களாம். லண்டன் பத்திரிகையில் வந்திருக்கிறது. மே மாதப் பாதியிலிருந்தே அங்கே கார் செய்வதை நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்துகிறவனுக்கு நார்ஃபோக்கில் என்ன வேலை என்று கேட்கலாம். நியாயம்தான். 1997-ல் பாலிடெக்னிக் படிக்கும்போது பழைய புத்தகக் கடையில் ஒரு ஆங்கில கார் பத்திரிகை வாங்கினேன். நடுப்பக்கம் முழுக்க லோட்டஸ் எலீஸ் என்ற ஸ்போர்ட்ஸ் கார். தவளை பாய்வதற்கு முன் பதுங்குமே, அந்த மாதிரி ஒரு உட்காரல். அந்தத் தாள் இன்னும் என் மேசைக்கு மேல்தான் இருக்கிறது. ஊது உலைப் புகையில் வண்டியின் நிறமே மாறிவிட்டது.

மூத்த ஆசாரி ஒருவர் எங்களிடம் இருக்கிறார். அப்பா காலத்து ஆள். எல்லோருக்கும் அவர் பெரியண்ணன்.

"என்ன தம்பி, காலையிலயே மூஞ்சி வாடிக் கிடக்குது?"

"லோட்டஸ் கம்பெனிய மூடப்போறாங்களாம்ணே."

"லோட்டஸ்னா?"

"தாமரை."

"தாமரையவா? அதான் டெல்லியில நல்லா உக்காந்திருக்காங்களே!"

பட்டறையே சிரித்தது. நானும்தான்.

ஜூன் 30, திங்கள்

எந்த ஆலையையும் மூடும் திட்டம் இல்லை என்று கம்பெனி அறிக்கை விட்டுவிட்டது. சரி. ஆனால் வியாபாரத்தில் இத்தனை வருடம் இருந்தவனுக்கு ஒன்று தெரியும். மொத்த வியாபாரி "பயப்படாதீங்க, பணம் எங்கயும் போகாது" என்று அவராகவே போன் பண்ணிச் சொல்கிற நாளில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஜூலை 6, ஞாயிறு

விடிகாலையில் மகளைக் கூட்டிக்கொண்டு ஏற்காடு போய் வந்தேன். என்னுடைய 1998 மாடல் மாருதி 800-ல். அடிவாரத்திலிருந்து மேலே இருபது கொண்டை ஊசி வளைவு. ஏழு மணிக்குள் ஏறிவிட வேண்டும், அப்புறம் பெங்களூர் வண்டிகள் வரிசை கட்டும்.

இந்த மலைப்பாதையில் என் வண்டிக்கு ஒரு மரியாதை உண்டு. வளைவுக்கு முன்னால் ஆரன், இரண்டாம் கியர், மேலிருந்து பஸ் வருகிறதா என்று ஒரு பார்வை, அப்புறம் ஸ்டியரிங்கைச் சுற்றினால் ஆட்டுக்குட்டி திரும்புவது போலத் திரும்பும். பின்னால் வந்த பெரிய எஸ்யூவி ஒவ்வொரு வளைவிலும் தன் உடம்பைத் தூக்கிக்கொண்டு வந்தது. நேர்பாதையில் முட்டுவது போல் நெருங்கும், வளைவு வந்ததும் பின்தங்கிவிடும். மகளுக்கு ஒரே சிரிப்பு.

காரணம் எடைதான். மாருதி 800 சுமார் 650 கிலோ. முதல் எலீஸ் ஏறக்குறைய 725 கிலோ. ஆமாம், என் வண்டி எலீஸை விட எடை குறைவு! (சந்தோஷம் அதோடு சரி. என்னிடம் இருப்பது மூன்று சிலிண்டர், 796 சிசி. எலீஸில் 1.8 லிட்டர் எஞ்சின், நம்முடையதைப் போல மூன்று மடங்குக்கு மேல் சக்தி.)

லோட்டஸை ஆரம்பித்த காலின் சாப்மன் பிடித்த ஒரே பிடிவாதம் இதுதான். எஞ்சினைப் பெரிதாக்கினால் நேர்பாதையில் மட்டும்தான் வேகம், எடையைக் குறைத்தால் எல்லா இடத்திலும் வேகம் என்பது அவர் கணக்கு. லண்டனில் அப்பாவின் ஹோட்டலுக்குப் பின்னாலிருந்த பழைய குதிரை லாயத்தில் தொடங்கிய கம்பெனி, கார் பந்தயக்காரர் ஜிம் கிளார்க்கை 1963-லும் 1965-லும் உலக சாம்பியன் ஆக்கியது. சாப்மன் 1982 டிசம்பரில் இறந்துபோனார். அதன்பின் கம்பெனி கை மாறிக்கொண்டே இருக்கிறது. 1986-ல் ஜெனரல் மோட்டார்ஸ், 1993-ல் புகாட்டியை வைத்திருந்த இத்தாலிக்காரர் ரொமானோ ஆர்ட்டியோலி, 1996-ல் மலேசியாவின் புரோட்டான், 2017-ல் சீனாவின் ஜீலி. எலீஸ் என்ற பெயரே ஆர்ட்டியோலியின் பேத்தி எலிசாவின் பெயரிலிருந்து வந்தது.

எலீஸின் அடிச்சட்டம் வெறும் 68 கிலோ. அலுமினியக் குழல்களை வெல்டு வைக்காமல் எபாக்சி பசையால் ஒட்டியிருப்பார்கள். முதலில் படித்தபோது பசையா என்று பயந்தேன், அப்புறம் யோசித்தால் எங்கள் பட்டறைக் கதை. வெள்ளிக் கம்பியைக் காய்ச்சினால் இளகிவிடும், விரலால் வளைக்கலாம். இரண்டு துண்டை ஒட்டப் பற்றுப்பொடி வைத்துக் குழலால் தீயை ஊதும்போது ஒட்டுகிற இடத்தைச் சுற்றியும் அதே கதிதான். அலுமினியமும் வெல்டு சூட்டில் பலம் இழக்கும். அதை ஈடுகட்டக் கனத்த தகடு போட வேண்டும், எடை ஏறும். பசைக்குச் சூடு கிடையாது, அதனால் மெல்லிய குழலே போதும். இதைக் கண்டுபிடித்தவன் என் பட்டறைக்கு வந்தால் பெரியண்ணன் பக்கத்தில் உட்காரவைப்பேன்.

மேலே போய் ஒண்டிக்கடையில் டீ குடித்தோம். சேர்வராயன் கோயில் பக்கத்துச் செம்மண்ணைக் காட்டி மகளிடம் பாக்சைட் கதை சொன்னேன். இந்த மலையில் வெட்டியெடுத்த பாக்சைட்தான் மேட்டூருக்குப் போய் அலுமினியமானது. அந்த உலை 2008-ல் நின்றது.

இறங்கும்போது அவள் கேட்டாள்: "ஏம்ப்பா, காசு இருந்தா நீங்க அந்தக் காரை வாங்குவீங்களா?"

"வாங்குவேனே."

"தரையோட தரையா இருக்கு. அம்மா எப்படி ஏறுவாங்க? பாட்டி?"

பதில் சொல்லவில்லை. காசு இருந்தால் நான் வாங்குவது ஒரு இன்னோவா என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஜூலை 19, சனி

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணம் இல்லை, பட்டறையில் பாதிச் சத்தம்தான். இப்படிப்பட்ட நாட்களில்தான் உட்கார்ந்து கணக்குப் பார்க்க நேரம் கிடைக்கும், அடுத்தவன் கணக்கையும் சேர்த்து.

லோட்டஸ் 2024-ல் முதலில் 26,000 வண்டி என்று குறி வைத்தது, நடுவில் 12,000 என்று குறைத்தது, கடைசியில் கொடுத்தது 12,134. இந்த வருடம் முதல் மூன்று மாதத்தில் 1,274 மட்டுமே.

எங்கே விழுந்தார்கள் என்பதற்கு என் கணக்கு இது. ஸ்போர்ட்ஸ் கார் மட்டும் விற்றுப் பிழைக்க முடியாது என்று ஜீலி முடிவு செய்தது. அது தப்பில்லை, போர்ஷேவும் எஸ்யூவி விற்றுத்தான் தன் ஸ்போர்ட்ஸ் காரைக் காப்பாற்றிக்கொண்டது. அதனால் எலெட்ரே என்று மின்சார எஸ்யூவி ஒன்றைச் சீனாவில் வூஹானில் செய்தார்கள். எடை இரண்டரை டன்னுக்குப் பக்கம். முதல் எலீஸ் மூன்றை ஒன்றாகக் கட்டித் தராசில் வைத்தாலும் அதை எட்டாது. 2023-ல் இந்தியாவுக்கும் வந்தது, ஆரம்ப விலை 2.55 கோடி. அவ்வளவு பணம் வைத்திருப்பவர் போர்ஷே வாங்காமல் இதை ஏன் வாங்க வேண்டும்? எடை குறைவு என்று சொல்லி விற்ற பெயர் இது. அந்தப் பெயரையே இந்த வண்டி பொய்யாக்குகிறது.

அப்புறம் வரி. சீனாவில் செய்த மின்சாரக் காருக்கு அமெரிக்கா 2024-ல் 100 சதவீதம் போட்டது, ஐரோப்பாவும் தன் பங்குக்குக் கூடுதலாகப் போட்டது. சரி, ஹெத்தலில் செய்யும் எமிரா என்ற பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காராவது தப்பிக்கும் என்றால், இந்த ஏப்ரலில் வெளிநாட்டுக் கார் எல்லாவற்றுக்கும் அமெரிக்கா 25 சதவீதம் ஏற்றியது. இங்கிலாந்துக்கு மட்டும் ஒரு அளவு வரைக்கும் 10 என்று இப்போது பேசி முடித்திருக்கிறார்கள், ஆனால் நடுவில் போன மாதங்கள் போனதுதானே.

இன்னொன்று என்னைச் சும்மா விடமாட்டேன் என்கிறது. 1957-ல் வந்த லோட்டஸ் செவன், கதவுகூட ஒழுங்காக இல்லாத ஒரு பொம்மை வண்டி. பழையதாகிவிட்டது என்று அதன் உரிமையை 1973-ல் கேட்டர்ஹாம் என்ற சின்னக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். கேட்டர்ஹாம் இன்றைக்கும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. சின்னதாகவே இருக்கச் சம்மதித்தவன் பிழைத்துக்கொண்டான் என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் டிவிஆர் என்றும் ஒரு சின்னக் கம்பெனி இருந்தது. 2017-ல் கிரிஃபித் என்று புதுக் காரைக் காட்டினார்கள், ஒருவர் கைக்கும் வண்டி போய்ச் சேரவில்லை. ஆக இதில் விதி எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இந்த வாரம் சேலம் குகைப் பகுதியில் ஆடித் திருவிழா வண்டி வேடிக்கை. சாமி வேஷம் போட்டவர்கள் ஏறி நிற்க, விளக்கு அலங்காரத்தோடு வண்டிகள் ஊர்ந்து போயின. மாடி, மதில், மரம் எங்கும் தலைகள். குழந்தையில் அப்பா தோளிலிருந்து பார்த்த அதே முனையில் நின்று பார்த்தோம். திரும்பும்போது தட்டுவடை செட், இரண்டு தடவை.

வீட்டுக்கு வந்து படுத்தபின் ஜூலையில் மகள் கேட்டது ஞாபகம் வந்தது. இருபத்தெட்டு வருடமாக நானும் எலீஸை வேடிக்கைதான் பார்த்திருக்கிறேன். 2021-ல் அதன் உற்பத்தியை நிறுத்தியபோது ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தவன் நான். அந்தக் கம்பெனிக்கு என்னால் ஒரு ரூபாய் வரவு கிடையாது. பத்திரிகைக்குக் கொடுத்த பதினைந்து ரூபாயும் பழைய புத்தகக் கடைக்காரருக்குத்தான் போனது.

எங்கள் கெட்டிக் கொலுசுக்கும் இதே கதை. கடைக்கு வருகிற அம்மாக்கள் கையில் எடுத்து, "எங்க பாட்டி இதான் போட்டிருந்தாங்க, என்ன அழகு" என்பார்கள். அப்புறம் கீழே வைத்துவிட்டு அறுபது கிராமில் ஒரு ஜோடி கேட்பார்கள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அறுபது கிராமும் போய் இன்று ஐம்பது கேட்டு வந்தார் ஆந்திர வியாபாரி. வெள்ளி கிராம் நூறு ரூபாயைத் தாண்டிக் கிடக்கிறது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பார்க்க மட்டும் எண்பது கிராம் மாதிரி இருக்க வேண்டுமாம்.

பெரியண்ணன் ஒரு ஜோடியை எடுத்து எடைத்தட்டில் வைத்தார். 61.400. கொக்கியைக் கழற்றிச் சின்னதாக்கினார். 60.750. சலங்கை முத்துகளில் ஒன்று விட்டு ஒன்றை எடுத்தார். 56-க்கு வந்தது. பட்டைக் கம்பியை ஒரு நம்பர் மெல்லியதாக இழுத்து மறுபடி கட்டினார், மத்தியானம் ஆகிவிட்டது. 51.200. காலில் கட்டி நடந்து காட்டச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டோம். ஓசை போயிருந்தது. முத்து குறைந்தால் ஓசை எங்கிருந்து வரும்? இருக்கிற முத்தை இடம் மாற்றி, கணுக்கால் பக்கம் கொஞ்சம் நெருக்கி வைத்தார். இப்போது கேட்டது. முன்னளவு இல்லை, ஆனால் கொலுசு என்று சொல்லலாம்.

மேசைக்கு மேலிருந்த தாளை அவரிடம் காட்டி, "உங்களை மாதிரி ஒருத்தர்தாண்ணே இதைச் செஞ்சார்" என்றேன். கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "சின்ன வண்டியா இருக்குது. நாலு பேர் போக முடியாதாட்டம் இருக்குதே" என்றார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நேற்று அறிவித்துவிட்டார்கள். லோட்டஸின் இங்கிலாந்து ஆட்களில் 550 பேர் வரை குறைக்கப்போகிறார்கள். அங்கே மொத்தமே சுமார் 1,300 பேர்தான். ஏப்ரலில் 270 பேர் என்று ஏற்கெனவே ஒரு சுற்று சொல்லியிருந்தார்கள்.

இரண்டாம் உலகப்போரில் விமானத் தளமாக இருந்த இடம் ஹெத்தல். 1966-லிருந்து லோட்டஸ் அங்கேதான். டெஸ்லாவின் முதல் கார் ரோட்ஸ்டர் எலீஸை ஒட்டிச் செய்ததுதான், அதற்கு உடம்பு கட்டிக்கொடுத்ததும் ஹெத்தல்தான். அந்த டெஸ்லா இன்றைக்கு எங்கே போய்விட்டது! ஐம்பத்தொன்பது வருடம் ஒரே இடத்தில் ஒரு வேலை நடந்தால், அப்பனுக்குத் தெரிந்தது பிள்ளைக்கு என்று கை மாறி வந்த சங்கதிகள் எத்தனை இருக்கும். பசை எவ்வளவு நேரம் காய வேண்டும், எந்தச் சந்தில் விரிசல் விடும், கதவு எந்தச் சத்தத்தோடு மூட வேண்டும் என்பதெல்லாம் எந்த ஃபைலில் இருக்கப்போகிறது? பெரியண்ணனுக்குத் தீயின் நிறம் தெரியும். எந்தச் சிவப்பில் பொடி ஓடும், எந்தச் சிவப்பில் வெள்ளியே ஓடிவிடும் என்று. எனக்கு இன்னும் அது பிடிபடவில்லை. முதலாளி ஆகிவிட்டேன், ஆசாரி ஆகவில்லை.

செய்தியை அவரிடம் சொன்னேன். லோட்டஸ் என்ன என்று இப்போது அவருக்குத் தெரியும். எவ்வளவு பேர் என்று மட்டும் கேட்டார். சொன்னதும், "அவ்வளவு பேரும் ஒரே ஊர்க்காரங்களா?" என்றார். பெரும்பாலும் அக்கம்பக்கம்தான் இருக்கும் என்றேன். குழலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 6, சனி

ஆவணி முகூர்த்தம் நம்பிய அளவுக்கு இல்லை. ஆந்திர வியாபாரி 51.200-ஐப் பார்த்துவிட்டு நாற்பத்தைந்தில் முடியுமா என்றார். ஆக்ராவிலிருந்து மெஷின் கொலுசு அந்த எடைக்குக் கிடைக்கிறதாம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

போன மாதத்திலிருந்து வாரத்துக்கு நான்கு நாள்தான் பட்டறை. நோட்டில் ஆட்கள் பெயருக்கு நேராக அரை நாள், முழு நாள் என்று குறிக்கும்போது பேனா ஓடமாட்டேன் என்கிறது. ஏழு பேர். ஹெத்தலுக்கு முன்னால் ஒரு எண்ணிக்கையே இல்லை.

சாயங்காலம் கூலி கொடுத்து முடித்தேன். எல்லோரும் போனபின் பெரியண்ணன் மட்டும் ஊதுகுழலைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். வழக்கமாக அதை இங்கேயே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போவார்.

"திங்கக்கிழமை வரணுமா தம்பி, இல்ல புதனா?"

"புதன் வாங்கண்ணே."

சரி என்று தலையாட்டிவிட்டுச் செருப்பைத் தேடினார்.