லேடெக்ல புக்லெட் போட்ட கதை

38 பக்கத்துல ஒரு கையேடு, ஏ4 தாளை ரெண்டா மடிச்சு நடுவுல பின் அடிக்கணும், அவ்ளோதான் வேலை. லேடெக்ல (கட்டளை எழுதி பக்கம் அமைக்கிற சாஃப்ட்வேர்) முதல்லயே டாக்குமெண்டை ஏ5 சைஸ்ல, அதாவது ஏ4ல பாதி, செட் பண்ணிட்டேன். ஏ4ல பண்ணிட்டு கடைசியில சுருக்கினா 71 சதவீதம் ஆகிடும், 10 பாயிண்ட் எழுத்து 7 பாயிண்டா போயிடும், தமிழ்ல புள்ளியும் சுழியும் அதுல ஒட்டிக்கிட்டு படிக்கவே முடியாது.

பக்கத்தை அடுக்குறதுக்கு லேடெக்கோட பிடிஎஃப்பேஜஸ் பேக்கேஜ் (கூடுதல் வசதி தர்ற துணை ஃபைல்) போதும். தனியா ஒரு சின்ன ஃபைல்ல முடிஞ்ச பிடிஎஃப்ஐ உள்ள இழுத்து லேண்ட்ஸ்கேப், புக்லெட்னு ரெண்டு ஆப்ஷன் குடுத்தா அதுவே வரிசை மாத்திக்கும். ஆனா மடிச்ச ஒரு தாளுக்கு நாலு பக்கம்ங்கறதால பக்க எண்ணிக்கை 4ஆல வகுபடணுமே, 38க்கு ரெண்டு குறையுது, அதை அது வெத்துப் பக்கமா கடைசியில சேர்த்துடும், அப்போ நம்ம பின்னட்டை உள்ள போயிடும், வெளியில வெறும் வெள்ளைதான். அதனால பக்க லிஸ்ட்ல 37 வரைக்கும் எழுதி, ரெண்டு வெத்து அடைப்புக்குறி போட்டு, அப்புறம் 38 குடுத்தேன். வெத்து அடைப்புக்குறின்னா வெத்துப் பக்கம்.

சரியா அடுக்கியிருக்கான்னு பாக்க ஒரு வழி இருக்கு. மொத்தம் 40 இடம்னா, பக்கத்துல பக்கத்துல வர்ற ரெண்டு இடத்தோட நம்பரைக் கூட்டினா எப்பவும் 41 வரணும். 40ம் 1ம், அதுக்குப் பின்னாடி 2ம் 39ம், நடுத்தாள்ல 20ம் 21ம்.

பிரிண்டர்லதான் பாதிப் பேர் மாட்டிக்கிறாங்க (அந்த டயலாக் பாக்ஸை யார் டிசைன் பண்ணாங்களோ). தாள் படுக்கை வாக்குல இருக்கறதால ரெண்டு பக்க பிரிண்ட்டுக்கு ஷார்ட் எட்ஜ்தான் (தாளைக் குட்டை ஓரத்துப் பக்கமா திருப்பறது) குடுக்கணும், லாங் எட்ஜ்னா பின்பக்கம் தலைகீழா வரும். ஸ்கேல் 100 சதவீதம், ஃபிட் டு பேஜ் வேணாம். நான் முதல்ல ஒரே ஒரு தாளை மட்டும் அடிச்சு மடிச்சுப் பாத்துட்டுதான் மிச்சத்தை விட்டேன்.

10 தாளை ஒண்ணா மடிச்சா உள்தாள் எல்லாம் வெளியில லேசா துருத்தும், 80 ஜிஎஸ்எம் பேப்பர்னா (சாதாரண பிரிண்டர் தாள்) சுமாரா ஒரு மில்லிமீட்டர். ஓரத்துல மார்ஜின் தாராளமா விட்டிருந்ததால பின் அடிச்சப்புறம் ஸ்டீல் ஸ்கேல் வெச்சு வெட்டிட்டேன். பக்கம் இதைவிட ரொம்ப அதிகமா இருந்தா புக்லெட் ஆப்ஷனை விட்டுட்டு சிக்னேச்சர் 16னு (ஒரு கட்டுக்கு 16 பக்கம்) குடுங்க, நாலு நாலு தாளா தனித்தனி கட்டா வரும், அதைப் பின் அடிக்க முடியாது, தைக்கணும்.