எண்பதைத் தொடும் முன்: லண்டன் வீட்டின் குத்தகை நாட்குறிப்பு

9 பிப்ரவரி 2025

கிழக்கு லண்டனில் சென்ற ஆண்டு நாங்கள் வாங்கிய இரண்டு படுக்கையறை ஃபிளாட்டின் குத்தகைப் பத்திரத்தை இன்று முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தேன். வரைபடத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. அதற்கு வெளியே உள்ள படிக்கட்டும் கூரையும் கட்டடம் நிற்கும் மண்ணும் நிலவுரிமையாளருடையவை. நாங்கள் வாங்கியது குறிப்பிட்ட காலத்துக்கான உரிமை மட்டுமே; அது முடிந்தால் வீடும் அவருக்கே. காலம், 24 ஜூன் 2006 முதல் 99 ஆண்டுகள். ஆகவே வரும் ஜூன் 24 அன்று மீதம் 80 ஆண்டுகளாகிவிடும்.

இங்கிலாந்தில் குத்தகை வீடு வைத்திருப்போர் அஞ்ச வேண்டிய எண் இதுதான். மீதிக் காலம் 80 ஆண்டுகளுக்கு மேல் இருக்கையில் நீட்டிப்புக் கேட்டால் ‘மேரேஜ் வேல்யூ’ என்ற கூடுதல் தொகை இல்லை. 80ஐத் தொட்டுவிட்டால், நீட்டிப்பால் கூடும் மதிப்பில் பாதியை நிலவுரிமையாளருக்குக் கொடுத்தாக வேண்டும். வீட்டை இரண்டு ஆண்டுகள் வைத்திருந்த பிறகே நீட்டிப்புக் கேட்கலாம் என்ற பழைய நிபந்தனை ஜனவரி 31 அன்றுதான் நீக்கப்பட்டது. அது நீடித்திருந்தால் எங்களுக்கு இந்த வாய்ப்பே கிடைத்திருக்காது.

2 மார்ச்

மனைவியின் மாமா, “அவசரப்படாதீங்க தம்பி, புதுச் சட்டத்துல 990 வருஷம் தர்றாங்களாமே” என்றார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. 2024 மே 24 அன்று அரச ஒப்புதல் பெற்ற சீர்திருத்தச் சட்டம் 990 ஆண்டுகள் நீட்டிப்புத் தருகிறது. மேரேஜ் வேல்யூவையும் ஒழிக்கிறது. ஆனால் அந்தப் பிரிவுகள் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அவற்றை எதிர்த்து நிலவுரிமையாளர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள். ஜூன் 24 வருவது உறுதி, சட்டம் எப்போது நடைமுறைக்கு வரும் என்பது எவருக்கும் உறுதியில்லை என்பதால், 1993ஆம் ஆண்டுச் சட்டப்படியே 90 ஆண்டுகள் கேட்பது என்று முடிவு செய்தோம்.

26 மார்ச்

மதிப்பீட்டாளரின் அறிக்கை வந்தது. அதன் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் பணம் கட்ட எனக்கு மனம் வரவில்லை; வரிவரியாகப் போட்டுப் பார்த்தேன்.

நீட்டிப்புக்குப் பின் வீட்டின் மதிப்பு 3 லட்சத்து 20 ஆயிரம் பவுண்டு. குத்தகை முடிந்து வீடு நிலவுரிமையாளர் கைக்குத் திரும்ப 80 ஆண்டுகள் ஆகும் என்பதால், அந்தத் தொகையின் இன்றைய மதிப்பை மட்டுமே அவருக்கு ஈடாகத் தர வேண்டும். 2006இல் ஸ்போர்டெல்லி வழக்கில் நிலத் தீர்ப்பாயம் ஃபிளாட்டுகளுக்கு நிர்ணயித்தபடி ஆண்டுக்கு 5 சதவீத வீதத்தில் 80 ஆண்டுகளுக்குக் கழித்தால் அது ஏறத்தாழ 6,450 பவுண்டாகச் சுருங்குகிறது. அதே அளவுக்கு நிலவாடகையும் வந்து சேர்கிறது: இப்போது ஆண்டுக்கு 250 பவுண்டு, 33 ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிப்பு. நீட்டித்ததும் நிலவாடகை அறவே நின்றுவிடும் என்பதால் அந்த வருமான இழப்புக்கும் ஈடு தர வேண்டும். ஆண்டுக்கு 6 சதவீத வீதத்தில் அதன் இன்றைய மதிப்பு 6,400 பவுண்டு. கூட்டினால் 12,800 பவுண்டுக்குச் சற்று மேல். ஜூன் 24ஐக் கடந்தால் இன்னும் 6,000 பவுண்டு கூடலாம் என்கிறார் மதிப்பீட்டாளர். காலண்டரில் ஒரு தாள் கிழிவதற்கு அது பெருந்தொகை.

12 மே

நீட்டிப்பை முறைப்படி கேட்கும், 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவு நோட்டீஸ் இன்று நிலவுரிமையாளரிடம் நேரில் கொடுக்கப்பட்டது. நாங்கள் குறித்த தொகை 10,000 பவுண்டு. பதில் தரக் கடைசி நாள் ஜூலை 21. நோட்டீஸ் கொடுத்த தேதியே மதிப்பீட்டுத் தேதி என்பதால், இனி பேச்சுவார்த்தை எவ்வளவு இழுத்தாலும் எங்கள் கணக்கு 80க்கு மேலேயே நிற்கும். அந்த நிம்மதிக்காகவே இவ்வளவு விரைவு.

21 ஜூலை

கடைசி நாளில்தான் பதில், அதாவது எதிர்நோட்டீஸ், வந்தது. உரிமையை ஏற்றுக்கொண்டு 17,000 பவுண்டு கேட்கிறார்கள். வீட்டின் மதிப்பையும் உயர்த்தி, நிலவாடகைக்கான வீதத்தையும் குறைத்திருக்கிறார்கள். முன்பணமாக 1,000 பவுண்டு முன்னரே வாங்கியாயிற்று. அவர்கள் தரப்பு வழக்கறிஞர், மதிப்பீட்டாளர் ஆகியோரின் நியாயமான கட்டணமும் சட்டப்படி எங்கள் தலையில்தான். எதிர்த்தரப்பின் செலவையும் குடியிருப்பவரே ஏற்க வேண்டும் என்பது என் பார்வையில் அநீதி.

18 செப்டம்பர்

13,300 பவுண்டுக்கு ஒத்துக்கொண்டார்கள். எதிர்நோட்டீஸ் வந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். அந்த மனுவை எங்கள் வழக்கறிஞர் தயார் செய்யத் தொடங்கிய பின்னரே அவர்கள் இறங்கி வந்தார்கள்.

24 அக்டோபர்

புதிய சட்டம் தங்கள் சொத்துரிமையை மீறுகிறது என்ற நிலவுரிமையாளர்களின் வழக்கை உயர் நீதிமன்றம் இன்று தள்ளுபடி செய்தது. குத்தகைதாரர் அனைவருக்கும் நல்ல செய்தி, மனதார மகிழ்ந்தேன். இருந்தாலும் அந்தப் பிரிவுகளுக்கு இன்னும் தொடக்கத் தேதி இல்லை. மார்ச்சில் எடுத்த முடிவை இன்று எடுக்கச் சொன்னாலும் அதையேதான் எடுப்பேன்.

28 நவம்பர்

புதிய குத்தகை கையெழுத்தானது. 2195 வரை காலம், நிலவாடகை இல்லை. பதிவுக்கு லேண்ட் ரெஜிஸ்ட்ரிக்கு அனுப்பியாயிற்று.

மேல்மாடி அக்கா தன் பத்திரத்துடன் வந்தார். கட்டடம் முழுவதற்கும் தொடக்க நாள் ஒன்றே என்பதால் அவருடையது இப்போது 80க்குக் கீழே. அவருக்கு என் ஆலோசனை வேறு: விற்கும் எண்ணமோ வீட்டுக்கடனை மாற்றும் எண்ணமோ இல்லையென்றால், மேரேஜ் வேல்யூ ஒழியும் நாளுக்குக் காத்திருக்கலாம், இரண்டு ஆண்டுகளில் விற்பதாக இருந்தால் இப்போதே மதிப்பீட்டாளரை அழைப்பது நல்லது. எதற்கும் முதலில் அரசின் குத்தகை ஆலோசனைச் சேவையிடம் கட்டணமின்றிக் கேட்டுக்கொள்ளும்படி சொல்லியிருக்கிறேன்.