எந்தக் கிழமை பிறந்தாள்?

எனக்கு இரண்டு பெயர். ஒன்று பாட்டி வைத்த அம்மன் பெயர். வீட்டிலும், அனோரத்தா சாலைக் காளி கோயிலில் அர்ச்சனை செய்யும்போதும்தான் அது புழங்கும். இன்னொன்று பள்ளியில் சேர்த்த அன்று சயாமா, அதாவது ஆசிரியை, வைத்தது. பர்மியர் வழக்கப்படி, பிறந்த கிழமைக்கு உரிய எழுத்தில்தான் பெயர் தொடங்கும். "எந்தக் கிழமை பிறந்தாள்?" என்று அம்மாவைக் கேட்டார். வியாழன் என்றதும் ப, ம வரிசையில் நாலைந்து பெயர் சொல்லிப் பார்த்து, ஒன்றைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். அடையாள அட்டையிலும் அதுதான். ரங்கூன் தமிழர் வீடுகளில் இது சாதாரணம்.

போன மழைக்காலத்தில் சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருதாவின் நினைவுக் குறிப்புகளை ஆங்கிலத்தில் படித்தேன். 1927இல் தன் நாட்டுத் தூதரக அதிகாரியாக எங்கள் ஊருக்கு வந்தபோது அவருக்கு வயது 23. வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கல்கத்தாவிலிருந்து சிலிக்குப் போகும் மெழுகும் தேயிலையும் கப்பலில் வரும்; காகிதங்களில் முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். அப்புறம் அடுத்த கப்பல் வரும்வரை தெருவும் தனிமையும் கவிதையும்தான். இங்கிருந்து கொழும்பு, பிறகு பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா), சிங்கப்பூர் என்று ஐந்து ஆண்டு ஆசியாவில் கழித்தார். அந்த நாள்களின் கவிதைகள் 1933இல் புத்தகமாயின. நோபல் பரிசு வாங்கிய 1971இல் அவர் பிரான்சில் சிலியின் தூதர்.

அப்போது ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். மொகல் தெருவில் செட்டியார்களின் கடைகள், பஸுண்டாங் ஓடைக்கரையில் அரிசி ஆலைகள். என் தாத்தா அந்த ஆலைகளில் ஒன்றில்தான் மூட்டை தூக்கினார்.

இந்த ஊரில் நெருதா ஒரு பர்மியப் பெண்ணோடு வாழ்ந்தார். வெளியே அவள் ஆங்கிலேயப் பெண் மாதிரி உடுத்திக்கொண்டு ஜோசி ப்ளிஸ் என்ற பெயரில் திரிவாளாம். வீட்டுக்குள் வந்ததும் அந்த உடையையும் பெயரையும் கழற்றிவிட்டு, இடுப்பில் சுற்றும் பளபளப்பான லோஞ்சியும் தன் ரகசிய பர்மியப் பெயருமாக மாறிவிடுவாளாம். அந்த இடத்தில் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டேன். என்ன பெயர்? பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினேன். எழுதவில்லை.

அவளுக்குப் பொறாமை அதிகம். கத்தியோடு கட்டிலைச் சுற்றிச் சுற்றி வருவாளாம். மாற்றல் தந்தி வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் கப்பல் ஏறிவிட்டார். கப்பலில் அவளை நினைத்து எழுதிய கவிதையில், பயந்துபோய்த் தென்னை மரத்தடியில் புதைத்து வைத்த அந்தக் கத்தி வருகிறது. இப்போது அதன் இரும்பை முகர்ந்து பார்க்க ஆசையாக இருக்கிறதாம். அது சமையல் கத்தி. படித்துவிட்டு அடுக்களைக்குப் போய் எங்கள் கத்தியை எடுத்து முகர்ந்தேன். வெங்காயமும் ஙாபி என்கிற மீன் விழுதும் கலந்த வாடை, கழுவினாலும் போகாதது. அதற்காக ஏங்கியிருக்கிறார் என்றால், அவள் சமைத்ததைச் சாப்பிட்டு வாழ்ந்த மனிதர்தான். பெயர் தெரியாமலா இருந்திருக்கும்?

அவள் விடவில்லை. அரிசி மூட்டையும் விரிப்பும் அமெரிக்கப் பாடகர் பால் ராப்சனின் இசைத்தட்டுகளுமாகக் கொழும்புக்கே போய் நின்றாள். ரங்கூனைத் தவிர வேறெங்கும் அரிசி விளையாது என்று நினைத்தாளாம். அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. திரும்பிப் போகும் நாளில், துறைமுகத்தில் அவருடைய வெள்ளைச் சப்பாத்தை முத்தமிட்டாள். அதற்குப் பூசியிருந்த சுண்ணப்பொடி அவள் முகமெல்லாம் அப்பிக்கொண்டது. இதை அவரே எழுதியிருக்கிறார்.

கொழும்பில் இன்னொருத்தி. வெள்ளவத்தையில் அவருடைய பங்களாவுக்குத் தினமும் மலவாளி எடுக்க வந்த பெண். ஒருநாள் காலையில் அவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனதையும், அவள் கடைசிவரை கண்ணைத் திறந்தபடி சிலைபோலக் கிடந்ததையும் அவர் மறைக்கவில்லை. அவள் என்னை வெறுத்தது சரிதான் என்றும் எழுதுகிறார். 1974இல், அவர் இறந்த பிறகு, புத்தகம் வெளிவந்தது. 2018இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, சிலிப் பெண்கள் இந்தப் பக்கத்தைக் காட்டித்தான் எதிர்த்தார்கள். அவர்கள் செய்தது நியாயம். தமிழச்சி என்று எழுதுகிறார், சாதியையும் எழுதுகிறார். பெயர் மட்டும் இல்லை. அவள் என் பாட்டி வயதுக்காரியாக இருந்திருப்பாள். அந்தப் பக்கத்தை என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

கவிதைகளை விட்டுவிட்டேனா என்று என் மகள் கேட்டாள். விடவில்லை. ஆனால் இப்போது படிக்கும்போது, இந்த வரிக்குப் பக்கத்தில் யார் இருந்தாள் என்று தேடிக்கொண்டே படிக்கிறேன்.

பர்மியப் பெண் கல்யாணம் ஆனாலும் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. முதல் எழுத்தைக் கேட்டாலே கிழமையும் பெரும்பாலும் தெரிந்துவிடும். எங்கள் ஊர் சுவேடகோன் புத்தர் கோயிலில் கிழமைக்கு ஒரு மூலை உண்டு. புதனுக்கு மட்டும் இரண்டு, ஆக எட்டு. வியாழனுக்கு உரியது மேற்கும் எலியும்; நான் மேற்கே போய் எலிச் சிலைக்கு மேலே இருக்கும் புத்தருக்குத் தண்ணீர் ஊற்றுவேன். போன வாரமும் போயிருந்தேன். ஊற்றி முடித்தபின் கிண்ணத்தோடு மற்ற ஏழு மூலைக்கும் நடந்து, ஒவ்வொன்றிலும் ஒரு கிண்ணம் ஊற்றினேன். அவள் எந்தக் கிழமை பிறந்தாளோ.