சம்பளப் பட்டியலும் சுற்றுமடலும்

மார்ச் 5, 2025, புதன்

இன்று தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். அலுவலகச் சிற்றாலயத்தில் காலைத் திருப்பலி முடிந்து, நெற்றியில் சாம்பலோடுதான் பாதிப் பேர் இருக்கைக்கு வந்தார்கள். நான் கத்தோலிக்கர் இல்லை. இந்த மறைமாவட்டச் சமூகப் பணி மையத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்ததிலிருந்து, என்னை அந்த வரிசையில் நிற்கச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.

புதிதாகச் சேர்ந்த களப்பணியாளர் ஒருவர், அவரும் வேறு மதத்தவர், மதியம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அக்கா, போகப்போக நம்மளையும் மாறச் சொல்வாங்களா?" வீட்டில் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள் போல. என் அனுபவத்தை மட்டும் சொன்னால் அவருக்குப் போதாது. 2005 டிசம்பர் தேதியிட்ட, திருத்தந்தை (போப்) பதினாறாம் பெனடிக்டின் முதல் சுற்றுமடலை, அதாவது திருச்சபை முழுமைக்கும் அவர் எழுதிய கடிதத்தை, எடுத்து 31-ஆம் பத்தியைப் படிக்கச் சொன்னேன். திருச்சபையின் பெயரால் அன்புப் பணி செய்கிறவர்கள் தங்கள் நம்பிக்கையை ஒருபோதும் அடுத்தவர்மேல் திணிக்க மாட்டார்கள் என்கிறது அது. வேறொரு காரியத்தைச் சாதிப்பதற்காகச் செய்வது அன்பே அல்ல என்றும் சொல்கிறது. பேரிடர் நிவாரணத்துக்காகச் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994-இல் வகுத்த நடத்தை விதிகளும் இதையேதான் சொல்கின்றன. உதவியைக் காட்டி அரசியலோ மதமோ வளர்க்கக் கூடாது. கத்தோலிக்கத் தொண்டு அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பான காரித்தாஸ் இண்டர்நேஷனலிஸ் அந்த விதிகளை முன்னின்று கொண்டுவந்த அமைப்புகளுள் ஒன்று.

படித்துவிட்டு, "இதை வீட்டுக்கு ஒரு பிரதி எடுத்துட்டுப் போகலாமா?" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

புயலில் வீடிழந்தவர்களுக்கான உதவிப் பட்டியல் ஒரு பங்கிலிருந்து, அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கோவில் வட்டாரத்திலிருந்து, வந்திருந்தது. அழகான கையெழுத்து, கூட்டல் கழித்தலில் பிழையில்லை. எங்கள் களப்பணிப் பொறுப்பாளரான அருட்சகோதரி ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"பட்டியல் அன்பியம் வாரியா வந்திருக்கு. காத்து தெரு வாரியாத்தானே அடிச்சது?"

அன்பியம் என்பது ஒரு பங்கின் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு. அதன் வாரியாக எழுதினால் பங்கு மக்கள் மட்டும்தான் வருவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல. பங்கு அலுவலகத்தில் கைக்கு எட்டிய பதிவேடு அதுதான். ஆனால் கைக்கு எட்டிய பதிவேட்டை வைத்துக்கொண்டு உதவி செய்தால் அதில் பெயர் இல்லாதவர் எங்கே போவார்? நல்ல சமாரியர் உவமையில் அடிபட்டுக் கிடந்தவன் எந்த ஊர், எந்தக் குலம் என்று இயேசு சொல்லவேயில்லை என்பதைச் சகோதரி நினைவூட்டினார். பங்குத்தந்தையிடம் அவரே பேசினார். அவரும் மறுப்பில்லாமல் ஒத்துக்கொண்டார்.

மார்ச் 14, வெள்ளி

அந்தத் தெருக்களுக்கு நானும் போனேன். கணக்குப் பிரிவு ஆட்கள் களத்துக்குப் போக வேண்டும் என்பது என் பிடிவாதம். மகளிர் குழுப் பெண்கள் தரையில் ஒரு சார்ட் தாளை விரித்து, தெருவை வரைந்து, வீடு வீடாகப் பென்சிலால் குறித்தார்கள். முழுக்க விழுந்த வீட்டுக்கு வட்டம், பாதி விழுந்ததற்குக் கோடு. தனியாக வாழும் முதியவர், மாற்றுத்திறனாளி, கணவனை இழந்தவர் என்றால் பக்கத்தில் ஒரு புள்ளி. பெயர்களைச் சத்தமாக வாசித்தபோது குழுத் தலைவியின் பெயரும் இருந்தது. அவரே எழுந்து, "என் வீட்டுக்கு ஓடுதான் போச்சு, சுவர் நிக்குது, அழிச்சிடுங்க" என்றார். அழித்தார்கள். வட்டமும் புள்ளியும் சேர்ந்த வீடுகளே பட்டியலின் உச்சியில் வந்தன. அவற்றில் பல, முதல் பட்டியலில் இல்லை.

கீழ்மட்டத்தில் உள்ளவர்களால் முடிகிற காரியத்தை மேல்மட்டம் பறித்துக்கொள்வது அநீதி என்று திருத்தந்தை பதினோராம் பயஸ் 1931-இல் எழுதினார். துணைநிலைக் கோட்பாடு என்று பயிற்சிகளில் கரடுமுரடாகச் சொல்லிக் கொடுப்பார்கள். அந்தச் சார்ட் தாளைக் காட்டினால் ஒரே நிமிடத்தில் விளங்கிவிடும்.

மார்ச் 20, வியாழன்

பணம். ஜனவரி 20-இல் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்ததன் அதிர்ச்சி உலகெங்கும் திருச்சபை அமைப்புகளை உலுக்கிக்கொண்டிருக்கிறது. எங்களுக்கு நிதி தரும் கூட்டாளி அமைப்பும் இன்று கடிதம் அனுப்பிவிட்டது; அடுத்த தவணை வராது.

உடனே ஒரு யோசனை வந்தது. விதவைப் பெண்களின் தொழிலுக்கென நன்கொடையாளர்கள் தந்த நிதி வங்கியில் இருக்கிறது. அதிலிருந்து இரண்டு மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டு பிறகு வைத்துவிடலாமே. "எல்லாம் ஒரே வீட்டுப் பணம்தானே" என்றார் நிர்வாகத்தில் ஒருவர். முடியாது என்றேன். இயக்குநர் ஃபாதர் ஒன்றும் பேசாமல் அலமாரியிலிருந்து 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பை எடுத்து 1267-ஆம் சட்டத்தைப் பிரித்து வைத்தார். ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக மக்கள் தந்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம். பேச்சு அத்தோடு முடிந்தது. தணிக்கையாளருக்குப் பயந்து சரியாக இருப்பது வேறு. கொடுத்தவர் முகத்தை நினைத்துச் சரியாக இருப்பதைத்தான் நான் இங்கே மதிக்கிறேன்.

மார்ச் 28, வெள்ளி

ஆட்சிக்குழுக் கூட்டம் மதியத்தைத் தாண்டியும் நீண்டது. மேசையில் இருந்த திட்டம்: இரவுக் காவலர், துப்புரவுப் பணியாளர்கள், ஒப்பந்தக் களப்பணியாளர்கள் ஆகியோரின் வேலை நாட்களைக் குறைப்பது. இருப்பது ஆறு மாத ஒப்பந்தம். சட்டச் சிக்கல் வராது என்பதுதான் வாதம். ஒருவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இது வேலை இல்லைம்மா, சேவை. எல்லாரும் கொஞ்சம் தியாகம் பண்ணணும்."

இந்தப் பேச்சு எனக்கு எப்போதுமே உடன்பாடில்லை. தியாகம் என்று வந்துவிட்டால் அது ஏன் பட்டியலின் அடியில் இருப்பவரிடமிருந்தே தொடங்குகிறது? துறவியர் வறுமை வார்த்தைப்பாடு எடுத்தவர்கள், தமக்கென்று சொத்து வேண்டாம் என உறுதிமொழி கொடுத்தவர்கள். அவர்களின் இருப்பிடமும் முதுமைக்காலப் பராமரிப்பும் சபையின் பொறுப்பு. காவலர் எந்த வார்த்தைப்பாடும் எடுக்கவில்லை. அவர் எடுப்பது இரவு ஷிப்ட், அதை வைத்துத்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

பெயர்களை மறைத்துவிட்டுச் சம்பளப் பட்டியலைத் திரையில் போட்டேன். மேலிருந்து கீழ்வரை எல்லாரும் பார்த்தார்கள். பிறகு, 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ எழுதிய 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலின் ஒரு பகுதியை ஃபாதர் வாசித்தார். இரு தரப்பும் ஒத்துக்கொண்டதனால் மட்டும் ஒரு கூலி நியாயமாகிவிடாது. வேறு வழியில்லாமல், இதைவிட மோசமானது வந்துவிடுமோ என்ற அச்சத்தில் தொழிலாளி ஒத்துக்கொண்டால் அவர் அநீதிக்குப் பலியாகிறார் என்ற பகுதி. எங்கள் ஆறு மாத ஒப்பந்தத்துக்கு இதைவிட நேரான விமரிசனம் இருக்க முடியாது. திருச்சபைச் சட்டம் 1286-ம் இருக்கிறது: திருச்சபைச் சொத்தை நிர்வகிப்பவர்கள் நாட்டின் தொழிலாளர் சட்டங்களை மதிக்க வேண்டும், பணியாளர் தம்மையும் தம்மை நம்பியிருப்பவர்களையும் காப்பாற்றப் போதுமான நியாயமான கூலி தர வேண்டும்.

சகோதரி கேட்டது ஒரே கேள்வி: "காவலரோட சம்பளத்துல நம்ம யாராவது ஒரு மாசம் ஓட்ட முடியுமா, ஃபாதர்?"

யாரும் பதில் சொல்லவில்லை. வெட்டு மேலிருந்து தொடங்கட்டும், புதுத் திட்டத்தைத் தயாரித்து வாருங்கள் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார் ஃபாதர்.

ஏப்ரல் 8, செவ்வாய்

புகார்ப் பெட்டி திறக்கும் நாள். முன்பு சாவி ஒருவரிடமே இருந்தது. இப்போது இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு பேர். அதில் ஒருவர் நிறுவனத்துக்கு வெளியே உள்ளவர். புகார் சொல்ல எல்லாருக்கும் எட்டும் வழி மறைமாவட்டங்களில் இருக்க வேண்டும் என்று 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் பாலியல் முறைகேடுகளைக் குறித்து ஆணையிட்டார். எங்கள் பெட்டி எல்லாவிதப் புகாருக்கும் பொது.

உள்ளே ஒரு தாள், பள்ளி நோட்டிலிருந்து கிழித்தது, பென்சில் எழுத்து. உதவி வாங்க வந்த பெண்ணிடம் எங்கள் பணியாளர் ஒருவர், "சும்மா வாங்குறவங்களுக்கு இவ்வளவு கேள்வியா" என்று கேட்டிருக்கிறார். பணம் குறையவில்லை, பொருள் குறையவில்லை. எழுதியவருக்கு வலித்தது அந்த ஒரு வரிதான். எங்கள் நோக்க அறிக்கையில் முதல் சொல்லே மனித மாண்பு. இதைச் சிறு விஷயம் என்று ஒதுக்கினால் அந்தச் சொல்லைச் சுவரிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான். பணியாளர் அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். சகோதரி உடன் போனார்.

தலைமையகமே விதிவிலக்கு இல்லை. 160-க்கும் மேற்பட்ட உறுப்பு அமைப்புகளைக் கொண்ட காரித்தாஸ் இண்டர்நேஷனலிஸின் தலைமையை 2022 நவம்பரில் பிரான்சிஸ் மொத்தமாக விலக்கினார். பணத்தில் முறைகேடு என்பதல்ல காரணம். நிர்வாகக் குறைபாடுகளால் பணியாளர்களின் மனஉறுதி குலைந்திருந்தது என்று வெளியார் நடத்திய ஆய்வு சொன்னது. உலகத்துக்கு அன்பு செய்யப் புறப்பட்ட அலுவலகம் தன் ஊழியரை எப்படி நடத்துகிறது என்று கேட்கப்பட்டதை நான் பெரிய விஷயமாகவே பார்க்கிறேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நேற்றுக் காலை, உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள், பிரான்சிஸ் இறந்துவிட்டார். போன வியாழன், இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழனன்று, நோயின் தளர்ச்சியோடு ரோமையின் ரெஜினா கோயெலி சிறைக்குப் போய்க் கைதிகளைப் பார்த்தார். வழக்கம்போல் பாதம் கழுவ உடம்பு இடங்கொடுக்கவில்லை. 2013-இல் இளையோர் சிறை ஒன்றில் ஒரு முஸ்லிம் பெண்ணின் பாதத்தையும் கழுவியவர். அலுவலகத்தில் அழுதவர்களில் கத்தோலிக்கர் அல்லாதவர்களும் இருந்தோம்.

மே 1, வியாழன்

தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாள். 1955-இல் பன்னிரண்டாம் பயஸ், தொழிலாளர் நாளன்றே இதை ஏற்படுத்தினார். விடுமுறை. சம்பளத் திட்டத்தை வீட்டில் உட்கார்ந்து முடித்தேன்.

மே 12, திங்கள்

புதிய திருத்தந்தை பதினான்காம் லியோ, கர்தினால்களிடம் சனிக்கிழமை தன் பெயருக்கான காரணத்தைச் சொல்லியிருக்கிறார். முதல் தொழிற்புரட்சிக் காலத்தில் 'ரேரும் நோவாரும்' எழுதிய லியோவை மனத்தில் வைத்தே எடுத்தாராம். இன்று செயற்கை நுண்ணறிவு மனித மாண்புக்கும் நீதிக்கும் உழைப்புக்கும் புதிய சவால் என்கிறார். மார்ச் கூட்டத்தில் வாசித்த அதே மடல்! ஃபாதர் அறைக்குள் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் அதற்கு முன்பே ஒரு பிரதி எடுத்து அறிவிப்புப் பலகையில் குத்தியிருந்தார்.

மே 15, வியாழன்

'ரேரும் நோவாரும்' வெளியான நாள் இது. ஆட்சிக்குழு இன்று கூடியது தற்செயல்தான்.

திட்டம் நிறைவேறியது. மேல்நிலைப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் சம்பளக் குறைப்பு, என்னுடையதும் சேர்த்து. ஒரு வாகனத்தை விற்கிறோம். காலியிடங்களை இந்த ஆண்டு நிரப்பப் போவதில்லை. காவலர், துப்புரவுப் பணியாளர்கள், ஓட்டுநர் ஆகியோரின் சம்பளத்திலோ வேலை நாட்களிலோ கைவைக்கவில்லை.

ஒப்பந்தக் களப்பணியாளர்களின் விஷயம் மட்டும் பாக்கி. நாட்களைக் குறைக்கவில்லை, ஆனால் நிரந்தரமாக்குவதற்கு நிதி இல்லை என்று ஒத்திவைத்துவிட்டார்கள். எனக்கு அதில் திருப்தியில்லை, அதைக் கூட்டத்திலேயே சொல்லிப் பதிவும் செய்யச் சொன்னேன். ஆறு மாதத்தை முதலில் மூன்று ஆண்டாக மாற்றலாம், மருத்துவக் காப்பீட்டை உடனே தரலாம். செலவுக் கணக்கு என் கையில் தயாராக இருக்கிறது. ஜூன் கூட்ட நிகழ்ச்சி நிரலில் முதல் பொருளாக அதைச் சேர்க்க ஃபாதர் சம்மதித்துவிட்டார். சகோதரி களத்திலிருந்து இரண்டு பணியாளர்களை நேரில் பேச அழைத்து வருகிறார்.