கிசான் பணம் நின்னு போனப்போ ஆர்டிஐ போட்ட அனுபவம்

2020 மார்ச்ல லாக்டவுன் போட்ட கையோட மத்திய அரசு நிவாரணம் அறிவிச்சப்போ, விவசாயிங்களுக்கு மத்திய அரசு தவணையா தர்ற பிஎம் கிசான் உதவித்தொகையில 2,000 ரூபாயை ஏப்ரல்லயே விவசாயிங்க அக்கவுண்ட்ல போட்டுடுவோம்னு சொன்னாங்க. எங்க அப்பாவுக்கும் வந்துச்சு. கத்திரிக்காய் செடியிலயே முத்திக்கிட்டு கிடந்த நேரம் அது, ஏத்திட்டுப் போக வண்டி இல்ல, அதனால அந்த ரெண்டாயிரம் பெரிய உதவி. ஆனா டிசம்பர்ல வர வேண்டிய தவணை வரல.

காரணம் ஓரளவு தெரிஞ்சதுதான். அந்த ஆகஸ்ட்லயே தமிழ்நாட்டுல கிசான் முறைகேடு வெளிய வந்து, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர்னு பல மாவட்டத்துல நிலமே இல்லாதவங்க லட்சக்கணக்குல சேர்க்கப்பட்டிருந்தாங்க. சுமார் 110 கோடி போயிருக்குன்னு அரசே சொல்லுச்சு, சிபிசிஐடி விசாரணையும் வந்துச்சு. எங்க மாவட்டமும் அதுல ஒண்ணு. போலியை நீக்குறேன்னு ஆரம்பிச்சதுல நிஜ விவசாயிங்க பேரும் சேர்ந்து நின்னுருச்சு.

வேளாண் ஆபீஸ்ல கேட்டா "வெரிஃபிகேஷன்ல இருக்கு, வரும்"னு மட்டும்தான் பதில். சரின்னு பிஎம் கிசான் சைட்ல பயனாளிகள் பட்டியலைத் திறந்தேன், அதுக்கு லாகின் எதுவும் வேணாம், மாநிலம், மாவட்டம், வட்டாரம், கிராமம்னு வரிசையா தேர்ந்தெடுத்தா ஊர் லிஸ்ட் முழுசா வரும். அதைப் பார்த்தப்போதான் ஆடிப்போனேன். ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத கூலி வேலைக்குப் போறவங்க பேரு, எங்க ஊர்லயே இல்லாதவங்க பேரு எல்லாம் இருந்துச்சு. தெரிஞ்ச அக்கா ஒருத்தங்ககிட்ட கேட்டேன், "கொரோனா பணம் தர்றாங்கன்னு ஆதாரும் பாஸ்புக்கும் வாங்கிட்டுப் போனாங்க தம்பி, வந்ததுல பாதிய அவங்களே எடுத்துக்கிட்டாங்க"ன்னாங்க. பின்னாடி முழுப் பணத்தையும் திருப்பிக் கட்டச் சொன்னது அந்த அக்காவைத்தான். ஆதாரும் பாஸ்புக்கும் வாங்கிட்டுப் போன ப்ரோக்கரை யாரும் தேடி வரல. இது எனக்கு இன்னைக்கும் ஆறல.

அப்புறம் ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போட்டேன். வெள்ளைத்தாள்ல எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபால். கேட்டது நாலே விஷயம்தான்: எங்க கிராமத்துல எத்தனை பேர் பதிவாகியிருக்காங்க, எந்தத் தேதியில ஒப்புதல் ஆச்சு, எத்தனை பேர் தகுதியில்லைன்னு நீக்குனாங்க, எவ்வளவு திரும்ப வசூலாச்சு. அப்பா பேரை நிறுத்துனதுக்கான காரணத்தை இதுல கலக்காம தனி மனுவா கேட்டேன். அப்படிக் கேக்குறதுதான் நல்லது, ஒண்ணு இழுத்தாலும் இன்னொண்ணு நகரும்.

30 நாளுக்குள்ள பதில் தரணும்ங்கறது சட்டம். வந்த பதில், "மூன்றாம் நபர் தகவல், பிரிவு 8(1)(ஜெ)படி தர இயலாது". அடுத்தவங்களோட தனிப்பட்ட தகவலைத் தர மறுக்கறதுக்கான பிரிவு அது. நான் யாரோட ஆதார் நம்பரையும் கேக்கல, எண்ணிக்கையும் தேதியும்தான் கேட்டேன், பேரு அரசு சைட்லயே எல்லாரும் பார்க்கற மாதிரி இருக்கு! அதையே எழுதி பிரிவு 19(1)படி முதல் மேல்முறையீடு போட்டேன். கூடவே பிரிவு 4(1)(பி)யையும் காட்டுனேன், மானியத் திட்டங்கள்ல யாருக்கு எவ்வளவு போகுதுன்னு ஆபீஸே தானா வெளியிடணும்னு அதுல தெளிவா இருக்கு. மேல்முறையீட்டுக்கு ஃபீஸ் கிடையாது.

இந்தத் தடவை பதிவானவங்க, நீக்குனவங்க எண்ணிக்கையும் வசூல் தொகையும் வந்துச்சு. ஒப்புதல் தேதியை மட்டும் விசாரணை நடக்குதுன்னு சொல்லித் தரல. அப்பா மனுவுக்கு, நில ஆவணம் சரிபார்க்கப்படலைன்னு ஒரு வரி எழுத்துல வந்துச்சு. அந்த ஒரு வரிதான் வேணும். கம்ப்யூட்டர் சிட்டா, ஆதார் நகல், பாஸ்புக் நகல் வச்சு மனு கொடுத்து ரசீது சீல் வாங்கிட்டு வந்தோம், கொஞ்ச மாசத்துல நின்ன தவணையும் சேர்ந்து வந்துருச்சு.

உங்க ஊர் லிஸ்டையும் ஒரு தடவை திறந்து பாருங்க. தெரியாத பேரு இருந்தா கிராம சபையில எழுத்துல கேளுங்க, தீர்மான நோட்டுல ஏத்தச் சொல்லுங்க. அந்தக் கூலிக்கார அக்கா மாதிரி யாராவது மாட்டியிருந்தா, அவங்க பேர்ல பதிவு பண்ணது யாருன்னு கேட்டு அவங்களையே மனு போட வைங்க. அவங்க சொந்தப் பதிவை அவங்களே கேட்டா மூன்றாம் நபர்னு சொல்லித் தட்ட முடியாது.