சுசித்ரா சென் எதுவரை படித்தார்? ஒரு வரிக்காகக் கொல்கத்தாவில் அலைந்த அனுபவம்

கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது. ஆனாலும் அந்த நூலகத்தின் முன்மேசையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. 1950களில் வந்த வங்க நடிகைகள் யாரைப் பற்றியாவது எழுத உத்தேசம் இருப்பவர்கள், கொல்கத்தாவில் போய் இறங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு நேர்ந்த அலைச்சலில் பாதியாவது உங்களுக்குக் குறையும்.

ஒரு தமிழ் மாத இதழுக்காக எடுத்துக்கொண்ட வேலை. வங்க நடிகை சுசித்ரா சென்னின் படிப்பு, திரை வாழ்க்கை, கடைசியில் அவர் நடித்த ‘உத்தர் பால்குனி’ என்ற வங்கப் படம் தமிழில் நம் ‘காவியத் தலைவி’யாக மாறிய கதை. ஆசிரியர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: ஆண்டும் தேதியும் எங்கிருந்து எடுத்தேன் என்று அந்தக் காலத்து அச்சுப் பிரதியைக் காட்ட வேண்டும், இணையத்தில் இருப்பது செல்லாது. நியாயமான நிபந்தனைதான். நான் கொல்கத்தாவில் குடியிருப்பவள், வங்காளம் வாசிக்கவும் வரும். சீக்கிரம் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

முதல் முட்டுக்கட்டை கடிதம். பழைய திரை இதழ்கள் இருக்கும் ஒரு நூலகத்துக்குப் போனேன், பெயர் வேண்டாம். இதழாசிரியர் கொடுத்த அறிமுகக் கடிதம், ஆதார் நகல், இரண்டு புகைப்படம் எல்லாம் கையில் இருந்தன. மேசையில் இருந்தவர் கடிதத்தை மேலோட்டமாகப் பார்த்தார்.

“யார் பேருக்கு எழுதியிருக்கு, தீதி (அக்கா)?”

“நூலகருக்கு.”

“செயலாளர் பேருக்கு இருக்கணும். ஹொபே நா.”

‘ஆகாது’ என்று அவர் சொன்ன அந்தச் சொல்லோடு கடிதம் என் பக்கமே திரும்பி வந்தது. செயலாளர் பெயருக்கு மாற்றி, ஆசிரியர் மறுபடி கூரியரில் அனுப்பிவைத்தார். அதை எடுத்துக்கொண்டு போனால், இதழின் தலைப்புத்தாள் தமிழில் இருக்கிறதாம், ஆங்கிலத்தில் முத்திரை வேண்டுமாம். இதை முதல் தடவையே சொல்லியிருந்தால் என்ன? இரண்டையும் ஒரே தடவையில் சரிசெய்திருக்கலாமே! அந்த மனிதருக்கு அது தோன்றவில்லை, எனக்கோ பல நாள் வீணாயிற்று. முத்திரையோடு போனபோது விண்ணப்பத்தில் ‘ஆய்வு நெறியாளர் பெயர்’ என்றொரு கட்டம் காத்திருந்தது. நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. வாசிப்பறையில் இருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, “சுயாதீன ஆய்வாளர்னு போடுங்க, தலைப்புல சினிமான்னு எழுதாதீங்க, வங்கப் பண்பாட்டு வரலாறுன்னு எழுதுங்க” என்றார். அப்படியே எழுதினேன். அட்டை கிடைத்தது. அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

ஆகவே கிளம்பும் முன் தொலைபேசியில் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: கடிதம் யார் பெயருக்கு, எந்த மொழியில், முத்திரை வேண்டுமா. பதில் சொன்னவரின் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். துர்கா பூஜையை ஒட்டிப் போகவே போகாதீர்கள். விடுமுறை முடிந்து கதவு திறந்த பிறகும் வேலை சூடுபிடிக்கச் சில நாள் ஆகும்.

உள்ளே போனதும் அடுத்த சிக்கல் வங்க ஆண்டு. பழைய இதழ்களைப் பெரும்பாலும் வங்க ஆண்டு வாரியாகத்தான் பைண்ட் செய்திருக்கிறார்கள். வங்கப் புத்தாண்டு நம் சித்திரை ஒன்றை ஒட்டியே ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. அவர்களுடைய முதல் மாதமான வைசாகத்திலிருந்து டிசம்பர் முடியும்வரை வங்க ஆண்டோடு 593ஐக் கூட்ட வேண்டும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் நடுவரை 594. இந்த ஒன்றில்தான் ஆபத்து இருக்கிறது. வங்க நடிகர் உத்தம் குமாரோடு சுசித்ரா முதன்முதலில் சேர்ந்து நடித்த ‘சாடே சுயாத்தர்’ வெளியானது 1953 பிப்ரவரி 20. வங்கக் கணக்கில் அது 1359 பால்குன் மாதம். 593ஐக் கூட்டினால் 1952 என்று வந்து நிற்கும். அவருடைய முதல் படமான ‘சேஷ் கொத்தாய்’ 1952இல் எடுக்கப்பட்டு அப்போது திரைக்கே வராமல் போனது. அதனால் 1952 என்ற எண் கண்ணில் பட்டால் யாருக்கும் சந்தேகமே வராது. தவறான ஆண்டு சரியான ஆண்டு போலவே உட்கார்ந்திருக்கும்.

போதாததற்கு வங்க எண்கள். அவர்களுடைய நான்கு நம் 8 போல இருக்கும், ஏழு 9 போல இருக்கும். அந்த நூலகத்து அட்டவணையை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தவரே இதில் வழுக்கியிருக்கிறார். நாற்பதுகளின் ஒரு தொகுதி எண்பதுகளில் பதிவாகி வேறு அலமாரியில் கிடந்தது. அட்டவணையில் இல்லை என்றால் உடனே கிளம்பிவிடாமல் 4–8, 7–9 இரண்டையும் மாற்றிப் போட்டுத் தேடுங்கள். ஆண்டுக் கணக்கைச் சரிபார்க்கக் கல்லூரித் தெரு நடைபாதைக் கடைகளில் பழைய பஞ்ஜிகா கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நம் பஞ்சாங்கம் போலத்தான், ஆங்கிலத் தேதியும் வங்கத் தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கைப்பேசிச் செயலிகளில் சில, இன்றைய வங்கதேச நாட்காட்டியைக் கொண்டு பழைய தேதிகளையும் கணக்கிடுகின்றன. ஒன்றிரண்டு நாள் தவறிவிடும்.

இத்தனையும் தாண்டி 1359ஆம் தொகுதியைக் கேட்டால் “பைண்டிங்குக்குப் போயிருக்கு” என்றார்கள். எப்போது வரும் என்று கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. பிறகு ஒருவழியாகக் கைக்கு வந்தபோது, பைண்ட் செய்தவர் அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்தெறிந்திருந்தார். எனக்குத் தேவையானதெல்லாம் அந்த விளம்பரங்களில்தான் இருக்கும். அந்தக் காலத்துக் கல்கத்தாவில் ஒரு வங்கப் படத்தை மூன்று மூன்று கொட்டகைகளாகச் சேர்த்து வெளியிடுவார்கள்: மினார்–பிஜலி–சபிகர் ஒரு வரிசை, உத்தரா–பூரபி–உஜ்ஜலா ஒரு வரிசை, ரூப்பாணி–அருணா–பாரதி ஒரு வரிசை. வெளியீட்டு நாளும் கொட்டகைப் பெயரும் விளம்பரத்தில் இருக்கும், கட்டுரையில் இருக்காது. திரையரங்கில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் நடிகர் பட்டியல் இருக்கும், நாள் இருக்காது. வெறும் கையோடு வீடு திரும்பிய அன்று பேருந்தில் அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் நாளிதழ்கள்தான் காப்பாற்றின. படங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் வந்ததால், வெள்ளிக்கிழமை இதழை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் பார்த்தால் போதும். நுண்படச் சுருளை ஓட்டும் கருவியில் பல்பு போயிருந்தது. கடைநிலை ஊழியர் ஒருவர் எங்கிருந்தோ வேறொன்றைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். மேசைக்காரரிடம் இல்லாத அக்கறை அவரிடம் இருந்தது. ‘சாடே சுயாத்தர்’ விளம்பரம் திரையில் ஏறியதும் கை நடுங்கியது. 1953 பிப்ரவரி 20 வெள்ளிக்கிழமைதான், சந்தேகமே இல்லை.

அதற்குப் பிறகு திரை வாழ்க்கைப் பகுதி மளமளவென்று முடிந்தது. 1954இல் ‘அக்னி பரீக்‌ஷா’, 1955இல் பிமல் ராயின் இந்தி ‘தேவதாஸ்’ படத்தில் பார்வதி, 1959இல் ‘தீப் ஜ்வேலே ஜாய்’, 1963இல் ‘சாத் பாக்கே பாந்தா’வும் ‘உத்தர் பால்குனி’யும், 1975இல் ‘ஆந்தி’, 1978இல் ‘பிரணய் பாஷா’. அதோடு நிறுத்திக்கொண்டு 2014 ஜனவரி 17 அன்று இறக்கும்வரை பெரும்பாலும் பொதுவெளிக்கு முகம் காட்டாமலே வாழ்ந்தார்.

ஒரே ஒரு இடத்தில் எச்சரிக்கை. ‘சாத் பாக்கே பாந்தா’வுக்காக 1963 மாஸ்கோ திரைவிழாவில் சிறந்த நடிகை விருது வாங்கியதைச் சொல்லும்போது, வெளிநாட்டுத் திரைவிழாவில் விருது பெற்ற முதல் இந்திய நடிகை என்று பலரும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். ‘மதர் இந்தியா’வுக்காக நர்கிஸ் 1958இலேயே கார்லோவி வாரி திரைவிழாவில் சிறந்த நடிகை விருது வாங்கிவிட்டார். என் கையில் இருந்த பல இரங்கல் கட்டுரைகளில் அந்த ‘முதல்’ இருந்தது. வெட்டிவிட்டேன். மாஸ்கோ விருதுக்கு அதனால் எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

தமிழ்ப் பகுதியில் சிரமமே இல்லை. அசித் சென் இயக்கி உத்தம் குமார் தயாரித்த ‘உத்தர் பால்குனி’யில் தாய், மகள் இரண்டும் சுசித்ராதான். 1966இல் இந்தியில் ‘மம்தா’, அதிலும் அவரே. 1970இல் கே. பாலசந்தர் இயக்கிய ‘காவியத் தலைவி’யில் அந்த இரண்டு வேடங்களையும் சௌகார் ஜானகி ஏற்றார்.

என்னை உண்மையில் வாட்டியது படிப்பு. படத்துக்குப் படம் தேதி கிடைக்கிறது, கொட்டகை கிடைக்கிறது. சுசித்ரா ஆவதற்கு முன், ரமா தாஸ்குப்தா என்ற பெண்ணாகக் கிழக்கு வங்கத்துப் பாப்னாவில் அவர் படித்த காலத்துக்கு வந்தால் ஆளுக்கொரு கதை. அப்பா கருணாமய் தாஸ்குப்தா பள்ளித் தலைமையாசிரியர் என்கிறது ஒரு கட்டுரை, நகராட்சியில் சுகாதார ஆய்வாளர் என்கிறது இன்னொன்று. பாப்னாவின் பெண்கள் பள்ளியில் படித்தார் என்பதில் ஒற்றுமை இருக்கிறது. எந்த வகுப்புவரை என்று வந்தால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதே இல்லை. 1947இல் திவாநாத் சென்னோடு கல்யாணம். அதே ஆண்டில் பிரிவினை. பள்ளி கிழக்கு வங்கத்தில் நின்றுவிட்டது, அவருடைய திரை வாழ்க்கை கல்கத்தாவில் தொடங்கியது. பள்ளிக் காகிதங்கள் ஒரு நாட்டில், படக் காகிதங்கள் இன்னொரு நாட்டில்.

எடுத்த குறிப்புகளையெல்லாம் மேசைமேல் பரப்பிப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. சினிமாவுக்கு முந்திய அவருடைய வாழ்க்கையைப் பற்றிய பத்திகளில் கவிஞர் ரஜனிகாந்த சென்னின் பேத்தி என்று இருக்கிறது, மாமனார் ஆதிநாத் சென்னின் செல்வமும் ஆதரவும் இருக்கின்றன, கணவர் இருக்கிறார். அந்தப் பெண் என்ன படித்தாள், எந்தப் பாடம் பிடித்தது, படிப்பு நின்றபோது என்ன நினைத்தாள் என்று கேட்டு எழுதிவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் உயிரோடு இருந்த காலமெல்லாம் அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பற்றியும் மூடிய கதவைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். படிப்புக்கு அரை வரி. மேசைக்காரர் மேல் வந்த கோபத்தைவிட இதன்மேல் எனக்கு வந்த கோபம் பெரியது.

இது சுசித்ராவோடு முடிகிற விஷயமும் இல்லை. அந்தத் தலைமுறையில் யாரை எடுத்தாலும் இப்படித்தான். ஆகவே தேடும்போது திரைப்பெயரில் மட்டும் தேடாதீர்கள். ரமா, ரோமா, தாஸ்குப்தா என்று சேர்த்தும் ‘தாஸ் குப்தா’ என்று பிரித்தும், கல்யாணத்துக்குப் பிந்திய ‘மிசஸ் சென்’ என்றும் தேடுங்கள். படப்பிடிப்புச் செய்திகளில் அவரை ‘மிசஸ் சென்’ என்றே குறிப்பிடுவது வழக்கம், அட்டவணைக்காரர்கள் அதைத் தனி ஆளாகப் பதிந்துவைத்திருப்பார்கள். மாத இதழ்களின் வாசகர் கேள்வி–பதில் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். நடிகைகளின் படிப்பைப் பற்றி வாசகர்கள் அங்கேதான் கேட்பார்கள். பென்சில் மட்டுமே அனுமதி, படம் பிடிக்க விடமாட்டார்கள், நொறுங்கும் தாள் என்றால் நகலும் கிடையாது. கையால்தான் எழுதி எடுக்க வேண்டும். ஒவ்வொரு குறிப்பின் கீழும் தொகுதி எண், பக்கம், வங்க மாதம் மூன்றையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.

கட்டுரையில் படிப்பைப் பற்றி ஒரு வரிதான் வைத்தேன்: பாப்னாவில் பெண்கள் பள்ளியில் படித்தார், 1947இல் மணமானார். ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். “வகுப்பு போடாம விட்டா மொட்டையா இருக்கேம்மா, பத்தாவதுன்னு நிறையப் பேர் எழுதியிருக்காங்களே, போட்டுடலாமா?” என்றார். “நிறையப் பேர் ‘முதல் இந்திய நடிகை’ன்னும்தான் சார் எழுதியிருக்காங்க” என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “சரி, நீங்க எழுதினதே இருக்கட்டும்” என்று ஒத்துக்கொண்டார். இத்தனை அலைச்சலுக்கும் எனக்குக் கிடைத்த வெற்றி அதுதான், மனசு நிறைந்துபோயிற்று.

வாசகர் அட்டை இன்னும் காலாவதியாகவில்லை. பூஜை விடுமுறை கழிந்ததும் கேள்வி–பதில் பக்கங்களை 1360இலிருந்து பார்க்கப் போகிறேன். பாப்னாவிலோ ராஜ்ஷாஹியிலோ தெரிந்தவர்கள் உள்ளவர்கள், நாற்பதுகளின் பள்ளி ஆண்டு மலரோ பரிசளிப்பு விழாப் பட்டியலோ யார் வீட்டிலாவது இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள். ரமா என்ற பெயர் அதில் எங்காவது இருக்கக்கூடும்.